ஏகாம்பரத்தின் நிகர நடை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் எந்த இடமும் எந்த இடத்திலிருந்தும் பத்து நிமிடத்துக்கு மேல் தூரம் கிடையாது. நம்பாதவர்கள் யாரையாவது போனில் கேட்டுப் பார்க்கலாம். முகப்பேரில் பஸ்ஸுக்கு நிற்பவர் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். வேலப்பன்சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டவரும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். இன்னும் வீட்டில் பனியனைத் தேடிக்கொண்டிருப்பவரும் அதே பத்து நிமிடத்தில்தான் வருவார். கேட்பவருக்கு இது தெரியும். தெரிந்துதான் 'சரி, வாங்க' என்கிறார். இதை இங்கே யாரும் பொய் என்று சொல்வதில்லை. எதிராளி மனசு நோகக்கூடாது என்று சொல்கிற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்த வார்த்தையைக் காகிதத்தில் எழுதி ரப்பர் ஸ்டாம்பு குத்தினால் என்ன ஆகும் என்று யாரும் அதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்து மூன்று. ஆவடிக்கு அந்தப் பக்கம் கோயில்பதாகையில் வாடகைக்கு இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அது எட்டாவது வீடு. அதையும் இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். "உன் சங்கத்து ஊடு வர்ற வரிக்கும் இருந்துக்கோ. அதுக்கு மேல ஒரு நாள் கேக்காத" என்பது அவர் கொடுத்த கெடு. ஆகவே ஏகாம்பரமும் அவர் மனைவி வசந்தாவும் உலகத்தில் நம்பியிருந்தது ஒன்றே ஒன்றைத்தான். அது அவர்கள் பதினோரு வருடமாக உறுப்பினராக இருந்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்.

சங்கத்துக்குத் தொண்ணூற்றாறு உறுப்பினர்கள். பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் புறம் ஒரு துண்டு மனை. அதில் கட்டடம் எழும்பாததற்குச் செயலாளர் ஜம்புலிங்கம் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொன்னார், ஒரு வருடம் சொன்ன காரணத்தை மறு வருடம் சொல்லமாட்டார். அந்த வகையில் அவர் நேர்மையானவர். இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் 'நிலையம்சார் வாழ்விடக் குழுமம்' என்று ஒன்று புதிதாக வந்தது. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் மனை என்றால், எளியவர்களுக்கு மலிவாகக் கட்டிக்கொள்ளக் குழுமம் ஒப்புதலும் உதவியும் தரும். ஜம்புலிங்கம் ஒரே வாரத்தில் சங்கத்தின் பெயர்ப் பலகையில் 'நடைதூர' என்ற சொல்லைச் சேர்த்து எழுதிவிட்டார். மனை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆவடி ஸ்டேஷனுக்கும் அதற்கும் இரண்டேகால் கிலோமீட்டர்.

குழுமத்தின் துணை இயக்குநர் மோகனப்பிரியா கூட்டத்துக்கு வந்தார். மைக்கைப் பிடித்து, "எங்கள் குழுமம் மக்களை நம்புகிறது. எண்களை நம்ப ஆரம்பித்தால் எங்கள் திட்டங்களில் ஒன்றுகூடத் தேறாது" என்று தொடங்கினார். பிறகு, "மனையிலிருந்து நிலையம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

ஜம்புலிங்கத்துக்கு எத்தனை மீட்டர் என்று தெரியும். அதனாலேயே அவர் பதில் சொல்லவில்லை. "உறுப்பினர்களையே கேளுங்க மேடம். மக்கள் பொய் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லி, முதல் வரிசையில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்தைக் கை காட்டினார்.

ஏகாம்பரம் எழுந்து நின்று, தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததைச் சொன்னார். "பத்து நிமிசங்க. நடந்தே பூடலாம்."

அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. மண்டபம் கை தட்டியது. ஜம்புலிங்கமும் எழுந்து நின்று தட்டினார்.

வசந்தாவுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. "அந்த ஆளு பதினோரு வருசத்துல ஒருத்தனுக்கும் கை தட்டி நான் பாத்ததில்ல. உனக்கு இன்னாத்துக்குத் தட்றான்?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டாள். அன்றைக்கு அந்த வழி நாற்பது நிமிடம் ஆனது.

பத்தாவது நாள் ஒரு பதிவுத் தபால் வந்தது. குழுமத்தின் வழிகாட்டியில் 'சாதாரண மனிதரின் பத்து நிமிட நடை' என்று இருக்கிறதாம். சாதாரண மனிதர் யார் என்று குழுமம் தொடங்கிய நாளிலிருந்தே தேடிக்கொண்டிருந்ததாம். இப்போது கிடைத்துவிட்டதால், திரு. ஏகாம்பரம் அவர்களை மேற்படி மனைக்கு 'நிர்ணய நடையர்' என்று நியமித்திருக்கிறார்களாம். இரண்டு கால்களையும் முன்புறம், பின்புறம், பக்கவாட்டில் புகைப்படம் எடுத்து மூன்று பிரதி அனுப்பவேண்டும்.

"காலை இன்னாத்துக்குப் போட்டோ புடிக்கிறான்?" என்றாள் வசந்தா. "நாளைக்கு எங்கியாவது யாராவது ஓடிட்டா, இந்தக் காலுதான்னு உன்னப் புடிச்சிகினு போவவா?"

ஏகாம்பரத்தின் நண்பர் ஷஃபியுல்லாவும் சங்கத்தில் உறுப்பினர். பூந்தமல்லி கடைத்தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவரும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஐந்து பேராக வாடகைக்கு இருந்தார். "அனுப்பு அண்ணாத்தே. ஊடு வருதுன்னா காலு இன்னா, நாக்க நீட்டச் சொன்னாலும் நீட்டு" என்றார் அவர். வசந்தா ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் 'வீடு சம்பந்தமாக மட்டும்' என்று எழுதி அனுப்பிவைத்தாள்.

அடுத்து வந்தது வாகனமின்மைச் சோதனை. நடந்து போகிறவர்களுக்குத்தான் இந்தத் திட்டம். எனவே நடையர் எங்காவது ரகசியமாக ஒரு பைக் வைத்திருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். மோகனப்பிரியா இரண்டு கார்களில் ஆட்களோடு கோயில்பதாகைக்கு வந்தார். சமையலறை அலமாரியில் ஒரு ஹெல்மெட் இருந்தது. கம்பெனியில் ஒரு ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது. வண்டி இல்லாததால் வசந்தா அதில் பூண்டு போட்டுவைத்திருந்தாள்.

"ஹெல்மெட் இருக்கிறது. வண்டி எங்கே?" என்று கேட்டார் மோகனப்பிரியா.

"வண்டி இல்லிங்க மேடம்."

"வண்டி இல்லாதவர் ஹெல்மெட் எதற்கு வைத்திருக்கிறார்?"

"பூண்டு போட்டு வெக்கறதுக்குங்க."

கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க்கைத் திறந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், இவர்கள் வீட்டிலிருந்து எப்போதாவது என்ஜின் சத்தம் கேட்டதுண்டா என்று விசாரித்தார்கள். 'ஹெல்மெட் உள்ளது. வண்டி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை' என்று அறிக்கை எழுதி ஏகாம்பரத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு மாதம் ஏகாம்பரத்துக்கே, தன்னிடம் எங்கோ ஒரு வண்டி இருக்கிறதோ என்று லேசாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

பிறகு நடை நாள் வந்தது. மனையின் மூலையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மோகனப்பிரியா ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். ஷஃபியுல்லா துணைக்கு வர, ஏகாம்பரம் நடந்தார். பின்னால் கார் ஊர்ந்தது. ஏரிக்கரையைச் சுற்றி, பூந்தமல்லி ரோட்டில் ஏறி, எதற்கோ தோண்டி எதற்கோ மூடாமல் விட்டிருந்த பள்ளத்தைச் சுற்றி, குறுக்கே நின்ற ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து, நடுரோட்டில் படுத்திருந்த மாட்டுக்கு வழிவிட்டு, சிக்னலில் நின்று, ஸ்டேஷன் வாசலில் போய் மூச்சு வாங்கினார். முப்பத்தொரு நிமிடம்.

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன்னால் தொண்ணூற்றாறு குடும்பத்துக்கும் வீடு போனதே என்று நினைத்தார். "மன்னிச்சிக்கங்க மேடம். வாய் தவறிச் சொல்ட்டேன்" என்றார்.

"எதற்கு மன்னிப்பு? இனிமேல்தானே கணக்கே ஆரம்பிக்கிறது" என்றார் மோகனப்பிரியா. காரின் பானெட் மேல் ஒரு படிவத்தை விரித்தார். "முப்பத்தொரு நிமிடம் என்பது மொத்த நடை. எங்களுக்கு வேண்டியது நிகர நடை. சிக்னலில் நின்றது ஆறு நிமிடம். அது போக்குவரத்துப் போலீஸின் நேரம், உங்களுடையது இல்லை. பள்ளத்தைச் சுற்றியது ஐந்தரை. தோண்டியவர்கள் கணக்கில் எழுதுகிறோம். ஷேர் ஆட்டோ இரண்டு நிமிடம் இருபது விநாடி. மாடு ஒன்றரை, கால்நடைத் துறை. வழியில் ஒருவர் 'இன்னா இவ்ளோ வேகமா?' என்று கேட்டதற்கு நீங்கள் நின்று பதில் சொன்னது ஒரு நிமிடம். அது உங்கள் சொந்த விஷயம். ஏரிக்கரை வளைவு ஐந்து நிமிடம். ஏரி நேராக இருந்திருந்தால் நீங்களும் நேராக வந்திருப்பீர்கள். ஏரி வளைந்ததற்கு ஒரு குடிமகனைத் தண்டிக்க முடியாது." கழித்து, கோடு போட்டு, மீதியைப் படித்தார். "ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. வாழ்த்துகள்."

ஏகாம்பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. புரியாமல் வருகிற சந்தோஷத்தை அரசாங்க அலுவலகங்களில் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது அவர் அனுபவம். ஷஃபியுல்லா அவரைக் கட்டிப்பிடித்து, "நீ ஒரு ஆளு நடந்து நூறு குடும்பத்துக்கு ஊடு வாங்கிக் குட்த்துட்ட அண்ணாத்தே. நான் சாவற வரிக்கும் மறக்க மாட்டேன்" என்று அழுதார். சான்றிதழ் வந்தது. அதில் ஏகாம்பரத்தின் நடைவேகம் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்று பொறித்திருந்தார்கள். வசந்தா அதைக் கடைசி வரியிலிருந்து தொடங்கி இரண்டு தடவை படித்தாள். அவள் எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவாள். மேலே எழுதியிருப்பதெல்லாம் வணக்கம் போடுவது என்பது அவள் கட்சி.

கட்டட வரைபடம் போடுவதற்கு முன்பு உறுப்பினர்களின் விருப்பத்தைக் கேட்க ஒரு நாள் வைத்தார்கள். வசந்தா எழுந்து, "துணி காயப் போட எடம் வோணும்" என்றாள். மோகனப்பிரியா அதை 'சூரியன் சார்ந்த எதிர்பார்ப்பு' என்று குறித்துக்கொண்டார். வரைபடம் வந்தபோது மாடிப்படிச் சுவரில் பெரிதாக ஒரு மஞ்சள் சூரியன் வரையவேண்டும் என்று இருந்தது. துணிக்கு இடம் இல்லை. தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம்.

"வண்டி இல்லாதவங்களுக்குத்தான ஊடு? இத்தினி காரு எவனுது?" என்று கேட்டார் ஷஃபியுல்லா.

"எங்களுடையது" என்றார் மோகனப்பிரியா, கொஞ்சமும் தயங்காமல். "உங்களில் யாரும் வண்டி வாங்கிவிடவில்லை என்பதை உறுதிசெய்ய நாங்கள் அடிக்கடி வரவேண்டியிருக்கும். அடிக்கடி வருவதற்குக் கார் வேண்டும். நாங்களும் ரயிலில் வரலாம்தான். வந்தால் உங்களில் ஒருவருக்கு உட்கார இடம் குறையும். அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம். பொதுப் போக்குவரத்தைப் பொதுமக்களுக்கே முழுசாக விட்டுக்கொடுத்துவிட்டோம்."

இதற்கும் கை தட்டினார்கள். வீடு வேண்டியவர்கள் எதற்கும் தட்டுவார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், எட்டு வாடகை வீடு மாறினால் நானும் தட்டுவேன்.

ஒன்றரை வருடத்தில் கட்டடம் நிஜமாகவே எழுந்தது. அதைத்தான் வசந்தாவால் ஜீரணிக்க முடியவில்லை. "கட்டிட்டான் பாரு. அப்ப வேற எதுலியோ வெச்சிகினுகீறான்" என்றாள். கோயில்பதாகை வீட்டுக்காரர் அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, பீரோவைக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு, இருவரும் வீடு ஒதுக்கும் விழாவுக்குப் போனார்கள்.

மேசையில் சாவிகள் வரிசையாக இருந்தன. ஜம்புலிங்கம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஷஃபியுல்லாவுக்கு இரண்டாவது மாடி. சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்ணூற்றைந்து பெயர் வாசித்ததும் ஜம்புலிங்கம் மைக்கை அணைத்துவிட்டு இறங்கினார். ஏகாம்பரம் மேசைக்குப் போய், "என் பேரு உட்டுப் போச்சிங்க" என்றார்.

மோகனப்பிரியா இன்னொரு தாளை எடுத்தார். அதன் தலைப்பு 'தகுதியற்றோர்'. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

"நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு இந்தத் திட்டத்தில் வீடு கிடையாது. தூரத்தில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்காகத்தான் இது" என்றார். "உங்கள் வாடகை வீட்டிலிருந்து ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர். மற்றவர்கள் என்றால் இருபத்தைந்து நிமிடம் ஆகும். உங்கள் சான்றளிக்கப்பட்ட வேகத்துக்கு எட்டரை நிமிடம்."

ஏகாம்பரம் பையிலிருந்த சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். "மேடம், நான் அப்டி நடக்கலிங்க. முப்பத்தோரு நிமிசம் ஆச்சி. நீங்கதான கழிச்சீங்க?"

மோகனப்பிரியா கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். "அப்படியே எழுதிக் கொடுங்கள். உங்கள் தகுதியின்மை உடனே நீங்கிவிடும். மனை ஸ்டேஷனிலிருந்து முப்பத்தொரு நிமிடம் என்று ஆகும். ஒப்புதல் ரத்தாகும். இந்தச் சாவிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். திட்டத்தில் இல்லாத அந்தக் கட்டடத்தில் வீடு பெற உங்களுக்கு முழுத் தகுதி உண்டு."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அய்ய, அவரு சூப்பரா நடப்பாரு மேடம்!" இன்னொருவர், "நடக்கறதா? பறப்பாப்ல. நானே பாத்துகீறேன்" என்றார். தொண்ணூற்றைந்து குடும்பமும் ஏகாம்பரத்தின் கால்களைப் பற்றிச் சாட்சி சொல்ல ஆரம்பித்தது. அவரைப் பார்த்தே இராதவர்கள்கூட அவர் ரயிலை முந்திய கதையைச் சொன்னார்கள்.

ஏகாம்பரம் திரும்பி ஷஃபியுல்லாவைப் பார்த்தார். "பாய், நீ சொல்லு. அன்னிக்கு நீயும் கூட வந்தியே."

ஷஃபியுல்லா சாவியைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார். "வேகமாத்தான் நடந்தாப்ல மேடம்" என்றார், தரையைப் பார்த்து.

ஏகாம்பரத்துக்கு வீடு போனதைவிட இது அதிகமாக வலித்தது. ஆனாலும் ஐந்து பேர் ஒற்றை அறையில் படுத்துக்கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். பாயின் மேல் கோபப்பட எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

வசந்தா இதற்குள் மேசையிலிருந்த சான்றிதழைக் கையில் எடுத்திருந்தாள். வழக்கம்போல அடியிலிருந்து படித்தாள். "மேடம், இதுல கீழ, வருசா வருசம் நேர்ல நடந்து புதுப்பிக்கணும்னு போட்டுகீது. அது யாரு நடக்கணும்?"

"நிர்ணய நடையர். உங்கள் கணவர்தான். புதுப்பிக்காவிட்டால் ஒப்புதல் ரத்து."

"அவரு நடக்க மாட்டாரு" என்றாள் வசந்தா. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "அவருக்கு முட்டி வலி. நாங்க திருத்தணி பக்கம் ஊடு பாத்துகினு போறோம். இவங்கள்ல எவனாவது ரெண்டேகால் கிலோமீட்டர ஒம்போது நிமிசத்துல நடந்து காட்டட்டும்."

திருத்தணியில் அவர்களுக்கு நாதி இல்லை. அது ஏகாம்பரத்துக்கு மட்டும்தான் தெரியும். ஜம்புலிங்கம் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏகாம்பரத்தை உட்காரவைத்தார். யாரோ சோடா உடைத்தார்கள். ஷஃபியுல்லா வந்து காலடியில் உட்கார்ந்து அவர் முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தார். ஏகாம்பரம் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை.

மோகனப்பிரியா விதிப் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஆளாகப் பார்த்தால் இவருக்குத் தகுதி இல்லை. அதில் நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இவர் இந்த மனையின் தூரத்தை அளக்கிறார். அளக்கிறது எல்லாம் அளவைக் கருவி. அளவைக் கருவியைப் பணியிடத்திலேயே ஓர் அறையில் பத்திரமாக வைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. தொண்ணூற்றாறாவது வீட்டைக் கருவி அறையாக்கிவிடலாம்" என்றார். இருப்புப் பதிவேடு வந்தது. அளவு நாடா ஒன்று, ஸ்டாப்வாட்ச் ஒன்று, சுண்ணாம்பு மூட்டை இரண்டு என்பதற்குக் கீழே, 'நடையர் - ஒன்று, இயங்கும் நிலையில்' என்று எழுதினார்கள்.

"அப்ப நானு?" என்றாள் வசந்தா.

"உதிரி பாகம்" என்றார் மோகனப்பிரியா. "ஒன்று வரை அனுமதி உண்டு."

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். ஏகாம்பரம் அவசரமாகப் பேனாவை எடுத்தார். வசந்தா அவர் கையைத் தட்டிவிட்டு, படிவத்தை வாங்கி அடியிலிருந்து படித்தாள். கடைசி நிபந்தனை இப்படி இருந்தது: 'கருவி தேய்ந்தாலோ பழுதடைந்தாலோ மாற்றுக் கருவி பெறப்படும். அறை புதிய கருவிக்கு ஒதுக்கப்படும்.'

அதை அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு புருஷனின் கால்களை, புதிதாக வாங்கிய சாமானைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"போடுய்யா கையெழுத்த" என்றாள். "ஆனா நாளையிலேர்ந்து டேசனுக்கு நீ நடந்து போவக்கூடாது. ஷேர் ஆட்டோல ஏறிப் போ. காலு தேஞ்சிதுன்னா ஊடு பூடும்."